தும்மினது நாம, தண்டனை அதுங்களுக்கா?

எந்தக் கொள்ளைநோய் வந்தாலும் நாம முதல்ல தேடுறது ஒரு மிருகத்தைத்தான். வௌவால், பன்றி, கோழி... லிஸ்ட் ரெடியா இருக்கும். பழி நம்ம மேல இல்லை பாருங்க! சரி, மனுஷன்கிட்டேயிருந்து மிருகத்துக்குப் போன நோயை யார் கணக்கில் எழுதுறது?

ஃபெரட்டை எடுத்துக்குங்க. பார்க்க நம்ம ஊர் கீரி மாதிரி இருக்கும். அமெரிக்கா, ஐரோப்பாவில் செல்லப்பிராணி. 1933-ல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூணு பேரும் ஃப்ளூ நோயாளிகள் தொண்டை கொப்பளிச்ச நீரை ஃபெரட் மூக்கில் விட்டாங்க. அதுக்கும் ஃப்ளூ வந்தது. மனித ஃப்ளூ வைரஸைப் பிரிச்செடுத்ததே அப்படித்தான். நோயுள்ள ஃபெரட்டிடமிருந்து மனிதருக்கு ஃப்ளூ தொற்றியதை ஸ்மித்தும் ஸ்டூவர்ட்-ஹாரிஸும் 1936-ல் எழுதினாங்க. ஆக, இது இருவழிப் பாதைன்னு ஏறக்குறைய 90 வருஷமா தெரியும்.

தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? 2009-ல் அமெரிக்காவின் ஓரிகனில் வளர்ப்பு ஃபெரட்டுக்கு எச்1என்1 வந்தது. பேர் 'பன்றிக்காய்ச்சல்', கொடுத்தது வீட்டு மனுஷங்க!

அடுத்து மிங்க். ஃபெரட்டுக்குச் சொந்தக்கார இனம், ரோமத்துக்காகக் கூண்டில் அடைச்சு வளர்ப்பது. 2020-ல் டென்மார்க் பண்ணைகளுக்குக் கொரோனாவைக் கொண்டுபோனது மனிதர்கள். நெருக்கியடிச்ச கூண்டுகளில் அது பரவி, உருமாறி, திரும்ப மனிதர்களுக்கே வந்தது. அந்த நவம்பரில் நாட்டிலுள்ள எல்லா மிங்க்கையும் கொல்ல அரசு உத்தரவு போட்டது. 1.5 கோடிக்கும் மேல்! ஆரோக்கியமான பண்ணைகளையும் அழிக்கச் சட்டத்தில் இடமே இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சது. விவசாய அமைச்சர் பதவி விலகினார். செத்த மிங்க்?

"மனுஷ உயிர் முக்கியமில்லையா?"ன்னு கேட்பீங்க. முக்கியம்தான். தொற்று வந்த பண்ணையை அழிச்சதை நான் குறை சொல்லலை. என் கேள்வி, அப்படியொரு பண்ணை ஏன் இருக்கணும்?

காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு இது சாதாரணக் கணக்கு. ரோமம் வித்த லாபம் முதலாளிக்கு. நோயின் ஆபத்து ஊருக்கு. இழப்பீடு பல நூறு கோடி க்ரோனர், வரி கட்டுறவன் தலையில். லாபம் தனியார், நஷ்டம் பொது! இத்தனைக்கும் பிறகு 2022 முடிவோடு தடை முடிஞ்சு, 2023-லிருந்து டென்மார்க்கில் மறுபடி மிங்க் வளர்க்கலாம். நெதர்லாந்தோ 2021-லேயே மிங்க் பண்ணைத் தொழிலை மூடிடுச்சு. அதுக்கு இருந்த புத்தி இவங்களுக்கு இல்லை.

ஃபெரட் வளர்க்கிறவங்க செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். ஜுரம் வந்தா கொஞ்ச நாள் அதைக் கொஞ்சாம இருங்க, தீனியை வேற ஆள் வைக்கட்டும், முடியலைன்னா மாஸ்க் போடுங்க, கையைக் கழுவுங்க. அரசாங்கம் செய்ய வேண்டியது அதைவிடப் பெருசு: அழகுக்காக நடத்துற நோய்த் தொழிற்சாலைகளை மூடுறது.

அதைச் செய்யாம அடுத்த நோய்க்கும் ஒரு மிருகத்தின் பேரை வைக்கப் போறோம்னா, பாவம், அதுங்களுக்கு மறுப்பறிக்கை விடத் தெரியாது.