வீடு திரும்பிய பிறகு

மனநலச் சிகிச்சையைக் கிராமம் வரை கொண்டுசெல்லும் எண்ணம் 1982-இல் தேசிய மனநலத் திட்டமானது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நடந்த முன்னோட்டத்தைத் தொடர்ந்து 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. திருச்சியும் அவற்றில் ஒன்று. இன்று மருத்துவரும் மாத்திரையும் அருகில் வந்துவிட்டாலும், நோயாளியைச் சுற்றி இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை.

அந்த மௌனத்தின் கொடிய விலையை ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்கா காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் மடிந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95-ஆம் பிரிவில், சங்கிலியைத் தடை செய்துவிட்டது. தர்காவுக்கும் கோயிலுக்கும் போகும் நம்பிக்கையைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஏர்வாடியிலேயே பின்னாளில் துஆவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் சேர்ந்தது. பூசாரியோ தர்காவில் ஓதுபவரோ "டாக்டரையும் பாத்துட்டு வாங்க" என்று சொல்லும் ஒரு வார்த்தை, பத்து விழிப்புணர்வு முகாம்களைவிடப் பெரிது.

திண்டுக்கல் சமவெளியில் இந்தப் பேசிக்கொள்ளாமைக்கு இன்னொரு முகம் உண்டு. வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து நூற்பாலையில் நைட் ஷிஃப்ட் போகும் பெண்ணின் மருந்துச் சீட்டில் 'இரவு உணவுக்குப் பின்' என்று எழுதியிருக்கும். அந்த மாத்திரையை விழுங்கினால் கண் சொருகும். மெஷின் முன்னால் நிற்க முடியாது. ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் விடுவார், பிறகு அடியோடு விட்டுவிடுவார். நோய் திரும்பியதும் 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று கேஸ் ஷீட்டில் ஏறும். வேலை நேரத்தைக் கேட்டிருந்தால் மருந்து வேளையை மாற்றிக் கொடுத்திருக்கலாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98-ஆம் பிரிவு, வீடு திரும்பும் முன்பே நோயாளி, குடும்பத்தார், அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவர் ஆகியோரோடு கலந்து திட்டமிடச் சொல்கிறது. அதில் கிராம சுகாதார செவிலியரையும் சேர்க்க வேண்டும். 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. அதே பையில் மனநல மருந்தும் வரலாம். ஆனால் முதலில் நோயாளியின் சம்மதம் வேண்டும். வீட்டுக்கு வர வேண்டாம் என்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து வாங்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். எந்தப் பொட்டலத்தின் மேலும் நோயின் பெயர் இருக்கக் கூடாது.