தவறாமல் கட்டியவர்களுக்கு 126 சதவீதம்

அமெரிக்க மத்திய அரசின் பணியாளர் நிர்வாக அலுவலக இயக்குநர் அவர்களின் மேலான கவனத்துக்கு:

மத்திய அரசு ஊழியர்கள், தபால் துறையினர், படைவீரர்கள், ஓய்வுபெற்றோர், இவர்களின் குடும்பத்தினர் ஆகியோருக்கான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2002இல் தொடங்கியது. குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற ஆறு அன்றாட வேலைகளில் இரண்டைத் தாமாகச் செய்ய முடியாமல் போனவர்களுக்கும், கடும் மறதிநோய்க்கு ஆளானவர்களுக்கும் இது பணம் தரும். ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு பெரும்பங்கு கட்டுகிறது; இதற்கு ஒரு சென்ட்டும் கட்டுவதில்லை. அரசு கொடுத்தது தன் பெயரை மட்டுமே. அந்தப் பெயரை நம்பித்தான் மக்கள் சேர்ந்தார்கள். விதிகள் இயக்குநர் அறியாதவை அல்ல. 2016இல் நடந்ததை மட்டும் நினைவூட்டினால் போதும்.

அந்த ஆண்டு புதிய ஒப்பந்தத்துக்கு முன்வந்தது ஒரே நிறுவனம்: ஏற்கெனவே திட்டத்தை நடத்திவந்த ஜான் ஹான்காக். ஜூலையில் பிரீமிய உயர்வு அறிவிக்கப்பட்டது. சராசரி 83 சதவீதம், உச்சம் 126 சதவீதம். மாதம் 100 டாலர் கட்டியவர் இனி 226 டாலர் வரை கட்ட வேண்டும். திட்டத்தில் இருந்த சுமார் 2,74,000 பேரில் பெரும்பாலோர் தலையிலும் இது விழுந்தது. முடிவுசெய்ய செப்டம்பர் 30 வரை அவகாசம். நவம்பர் 1 முதல் அமல்.

காரணம் விசித்திரமானது. நடுவில் பாலிசியைக் கைவிடுவோர் நிறையப் பேர் இருப்பார்கள் என்று எண்ணித்தான் இத்துறை நிறுவனங்கள் தொடக்கத்தில் விலை வைத்தன. மக்கள் கைவிடவில்லை, எதிர்பார்த்ததைவிட நெடுநாள் வாழவும் செய்தார்கள். முதலீட்டு வட்டியும் சரிந்தது. ஆக, பாலிசிதாரர் செய்த குற்றம், பணத்தை ஒழுங்காகக் கட்டியதும் உயிரோடு இருந்ததும்!

அவர்களுக்குத் தெரிவுகள் தரப்பட்டன என்று அலுவலகம் சொல்லக்கூடும். கூடுதலாகக் கட்டலாம், பலனைக் குறைத்துக்கொள்ளலாம், இனிக் கட்டாமல், அதுவரை கட்டிய அளவுக்குச் சுருங்கிய பலனோடு நின்றுவிடலாம். வேறு நிறுவனத்துக்குப் போகவும் தடையில்லை. எழுபது வயதில், மூட்டுவலியும் இதயநோயும் உள்ளவரை மருத்துவப் பரிசோதனைக்குப் பின் எந்த நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் என்பதை அலுவலகமே சொல்லட்டும்.

2009இலும் ஒரு பிரிவினருக்கு 25 சதவீதம் வரை உயர்வு அறிவிக்கப்பட்டிருந்தது. 2024இல் மறுபடி உயர்வு: 86 சதவீதம் வரை, தவணை தவணையாக. இடையில், 2022 டிசம்பரில், புதியவர்களைச் சேர்ப்பதே நிறுத்தப்பட்டது. 2024இல் அந்தத் தடை மேலும் ஈராண்டு நீட்டிக்கப்பட்டது. புதிதாக வருவோரைக் காக்க அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே இருப்பவர்கள்தான் அகப்பட்டவர்கள்.

பிரீமியம் நியாயமானதா என்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சட்டம் இயக்குநரின் அலுவலகத்திடமே விட்டிருக்கிறது. போட்டியில்லாமல் வந்த ஒற்றை விலை எந்தக் கணக்கில் நியாயமானது என்பதை, கட்டியவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். சேர்க்கை மீண்டும் திறக்கும் நாளில், விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே 25, 126, 86 என்ற மூன்று எண்களையும் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். பக்கத்திலேயே அரசின் முத்திரையும் இருக்கட்டும்.