பிள்ளை தூங்குது, தாய் தூங்கலையே! மலைக்கிராம வீடுகளில் கண்டுகொள்ளப்படாத ஆபத்து

கொடைக்கானல்:

பழனி மலை கிராமங்களில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மலைப்பூண்டு குழம்பு வைத்து கொடுப்பது வழக்கம். பால் ஊறும், பச்சை உடம்பு தேறும் என்று பார்த்து பார்த்து பத்திய சாப்பாடு போடுவார்கள். குழந்தைக்கு குளிர் தாக்காமல் குல்லா, கம்பளி எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் அந்த பெண் நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது.

"புள்ள பெத்தா அப்படித்தான் இருக்கும், நாங்க எல்லாம் பெத்துக்கலையா?" என்று இதை தள்ளிவிடுவதுதான் ஆபத்து. தொடர்ந்து தூக்கம் கெடுவதற்கும் பிரசவத்துக்கு பிறகு வரும் மனச்சோர்வு நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

டாக்டருக்கே வந்த நோய்

கர்நாடக முன்னாள் முதல்-மந்திரி எடியூரப்பாவின் பேத்தி 2022 ஜனவரி 28-ந் தேதி பெங்களூருவில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் ஒரு டாக்டர். கைக்குழந்தையின் தாய். பிரசவத்துக்கு பிந்தைய மனச்சோர்வு அவருக்கு இருந்ததாக அப்போதைய மாநில உள்துறை மந்திரி அரக ஞானேந்திரா கூறினார். படிப்பு, பணம், செல்வாக்கு எல்லாம் உள்ள குடும்பத்திலேயே இந்த நோய் புகுந்துவிடுகிறது என்றால், தினக்கூலி வீட்டில் யார் கவனிப்பது?

இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை ஒன்று சேர்த்து கணக்கு பார்த்து உலக சுகாதார அமைப்பின் இதழில் 2017-ல் ஒரு அறிக்கை வெளியானது. பிள்ளை பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கு இந்த மனச்சோர்வு இருப்பதாக அது சொன்னது. அதாவது ஐந்தில் ஒருவர்.

தமிழ்நாட்டிலும் கணக்கு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் கிராமப்புற பெண்களிடம் நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. கர்ப்பத்தில் நன்றாக இருந்து, பிரசவத்துக்கு பிறகு புதிதாக மனச்சோர்வில் விழுந்தவர்கள் மட்டும் 11 சதவீதம். காரணங்கள் என்ன தெரியுமா? குறைந்த வருமானம், ஆண் பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கைவேலைக்கு உதவ ஆள் இல்லாதது. கடைசியாக சொன்னதுதான் தூக்கத்தை நேரடியாக தின்கிறது.

கூலி வீட்டு ராத்திரி

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். ஆனால் ஒரே மூச்சில் தூங்காது. அதன் வயிறு சின்னது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கேட்கும். இது இயற்கை. குழந்தை மேல் தப்பு இல்லை.

"புள்ள தூங்கும்போது நீயும் தூங்கிக்கோ" என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. சொல்வது சுலபம். விடிந்தால் கணவர் காபி தோட்டத்துக்கோ, கேரட், உருளைக்கிழங்கு காட்டுக்கோ, லாட்ஜ் வேலைக்கோ போய்விடுவார். மாமியாரும் கூலிக்கு போனால்தான் அடுப்பு எரியும். குழந்தை கண்ணயர்ந்த நேரத்தில்தான் சமையல், துணி, தண்ணீர், விறகு எல்லாம். மாலையில் வேலை முடியும்போது குழந்தை எழுந்துவிடும். பிறகு தூக்கம் எங்கே?

அந்த காலத்தில் தலைப்பிரசவத்துக்கு தாய் வீடு என்று அனுப்பினார்களே, அதில் அர்த்தம் இருந்தது. அங்கே அம்மா, சித்தி, பாட்டி என்று குழந்தையை மாற்றி மாற்றி தூக்க ஆள் இருந்தது. இப்போது அம்மாவும் கூலிக்கு போகிறவர். வழக்கம் பெயருக்கு இருக்கிறது, ஓய்வு இல்லை.

போதாக்குறைக்கு "பகல்ல தூங்கினா நீர் கோத்துக்கும், ஜன்னி வரும்" என்று சில பெரியவர்கள் எழுப்பிவிடுகிறார்கள். இது தப்பு. பகல் தூக்கத்தால் ஜன்னி வராது. ராத்திரி விழித்தவளுக்கு பகல் தூக்கம் மருந்து.

எது சாதாரணம், எது நோய்?

தூக்கம் கெட்ட எல்லோருக்கும் மனச்சோர்வு வந்துவிடாது. நார்வே நாட்டில் 2,830 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. அவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் சரியாக தூங்காதவர்கள். மனச்சோர்வு அறிகுறி இருந்ததோ 16.5 சதவீதம் பேருக்கு. ஆகவே வித்தியாசம் பார்க்க தெரிய வேண்டும்.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமே இல்லாமல் அழுகை வரும். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இது வருவதுதான். இரண்டு வாரத்துக்குள் தானாக சரியாகிவிடும்.

இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, எரிச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, குழந்தை மேல் ஒட்டுதல் இல்லாமை, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற பேச்சு இருந்தால் அது நோய். இதில் முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. குழந்தை தூங்குகிறது, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது, அப்போதும் அவளுக்கு தூக்கம் வரவில்லை என்றால் உஷாராக வேண்டும்.

இன்னொன்று அவசரம். பிரசவமான முதல் சில வாரங்களில் இரண்டு மூன்று நாள் தூங்காமலே சுறுசுறுப்பாக திரிவது, சம்பந்தம் இல்லாமல் பேசுவது, காதில் குரல் கேட்கிறது என்பது, குழந்தையை பற்றி விபரீதமாக பேசுவது. இதை காத்து கருப்பு என்று மந்திரிக்க கூட்டிப்போனால் உயிருக்கே ஆபத்து. தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல், 108-ஐ கூப்பிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

கணவர் என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் இல்லை. ராத்திரியில் 4 அல்லது 5 மணி நேரம் தாயை எழுப்பாமல் தூங்க விட வேண்டும். அவள் பால் கொடுத்துவிட்டு படுத்ததும், குழந்தையை தட்டிக்கொடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் கணவர் பொறுப்பு. சுத்தமான பாத்திரத்தில் பிழிந்து மூடி வைத்த தாய்ப்பால் சாதாரண அறையில் 4 மணி நேரம் வரை கெடாது. நடுவில் குழந்தை அழுதால் அதை பாலாடையில் புகட்டலாம்.

மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கி கொடுப்பது கூடவே கூடாது. பால் கொடுக்கும் தாய் சாப்பிடக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரத்தசோகை, தைராய்டு கோளாறு இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும் என்பதால் ரத்த பரிசோதனையும் அவசியம்.

நாளுக்கு 100 ரூபாய் தேறவில்லை

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. தோட்டத் தொழிலாளிக்கும் 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதற்கு முந்தைய ஓராண்டில் 80 நாளாவது வேலை பார்த்ததை காட்ட வேண்டும். பதிவேட்டில் பெயரே இல்லாத தினக்கூலி எதை காட்டுவார்?

அவர் நம்பியிருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி திட்டம். 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய உதவி, 2018-ல் 18 ஆயிரம் ரூபாய் ஆனது. இதில் 4 ஆயிரம் ரூபாய் ஊட்டச்சத்து பெட்டகமாக போய்விடும். மொத்த தொகையையே 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்கு பிரித்தாலும் நாளுக்கு 100 ரூபாய் தேறவில்லை. அதனால்தான் பச்சை உடம்போடு மறுபடியும் தோட்டத்துக்கு கிளம்புகிறார்கள். பகலில் தோட்டம், ராத்திரியில் தொட்டில் என்றால் எந்த உடம்பு தாங்கும்?

ஊசி போடும் நாளில் ஒரு கேள்வி

கொடைக்கானலில் இருந்து திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போக சுமார் 100 கி.மீ. மலையிறங்க வேண்டும். மன்னவனூர் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு இன்னும் தூரம். கைக்குழந்தையோடு மனநல டாக்டரை தேடி அவர்களாக வருவார்கள் என்று காத்திருந்தால் நடக்காது.

ஆனால் ஒரு வழி ஏற்கனவே இருக்கிறது. குழந்தைக்கு 6, 10, 14-வது வாரத்தில் தடுப்பூசி போட வேண்டும். அந்த மூன்று நாளும் தாய் நர்சை பார்க்கிறாள். இந்த நோயை கண்டுபிடிக்க 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ கேள்வித்தாள் உண்டு. அது தமிழில் சரியாக வேலை செய்கிறது என்று 2005-லேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஊசி போடும் நாளிலேயே அதை கேட்டு முடிக்க சில நிமிடம் போதும். மலைக்கிராமங்களில் இருந்தே சுகாதாரத்துறை இதை தொடங்கலாம்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் கையில் ஒரு நம்பர் இருக்கட்டும். 14416. அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தாய் பேச தயங்கினால் கணவரோ மாமியாரோ பேசலாம்.

அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரியே செய்ய ஒரு வேலை இருக்கிறது. பூண்டு குழம்பு ஊற்றும்போது, "நேத்து எவ்வளவு நேரம்மா தூங்கினே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.