சில்லைப் பார்த்து நோயறிதல்

சென்ற திங்கள் இப்பகுதியில் நீர் இறைக்கும் மோட்டார்களின் பராமரிப்பைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர் பொன்முடி மலையடிவாரத்திலிருந்து நமக்கு மடல் விடுத்துள்ளார். ரப்பர் மரங்களை வெட்டி அகற்றும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் அவரும் அவர்தம் தம்பியும் பணியாற்றுகின்றனர். கிளைகளைச் சில்லுச் சில்லாகச் சீவித் தள்ளும் இயந்திரம் ஒன்று அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. தோட்டத்தார் அதனைச் ‘சிப்பர்’ என்பர். “இயந்திரம் முன்போல் மரத்தை இழுப்பதில்லை, அதிர்கிறது, அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. அடைக்கும்போதெல்லாம் எஞ்சினை நிறுத்தாமலே தம்பி கம்பியால் குத்தி எடுக்கிறான். கோளாறு எங்கே?” என்பது அவர் வினா. மடலின் முற்பகுதி நம்மைச் சிந்திக்கச் செய்தது, பிற்பகுதி அச்சுறுத்தியது. இரண்டிற்கும் சேர்த்தே ஈண்டு விடை எழுதுகின்றோம்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடியை அடையலாம். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். மேற்சரிவுகளில் தேயிலை, கீழே விதுரா, பாலோடு பக்கங்களில் ரப்பர். தேயிலைச் செடிகளை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வதும், நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பதும், பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்வதும் மலைத்தோட்டங்களில் வழிவழி வந்த வேலைகள். அடிமரம் பலகைக்கும் ஒட்டுப்பலகைக்கும் போய்விடும். எஞ்சும் கிளைகளை முன்பெல்லாம் எரித்தனர். சில்லாக்கினால் அவை கொதிகலனுக்கு எரிபொருளாகும். சரிவில் மண்ணின்மேல் பரப்பினால் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் காக்கும். ஆகவே இவ்வியந்திரம் நன்மை பயப்பதே. அதன் இயல்பை அறிந்து நடத்துதல் வேண்டும்.

இயந்திரத்தின் அமைப்பு எளியது. கனத்த எஃகுத் தட்டு ஒன்றிலோ உருளை ஒன்றிலோ இரண்டு முதல் நான்கு கத்திகள் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். அவை சுழலும்போது, அசையாமல் நிற்கும் எதிர்க்கத்தியின் மேல் மரம் அழுத்தப்பட்டுத் துண்டாகும். வெற்றிலைக்குப் பாக்கு வெட்டும் பாக்குவெட்டியை எண்ணிப் பாருங்கள். இரு அலகுகளும் கூராகவும் நெருக்கமாகவும் இருந்தால் பாக்கு சீராக நறுங்கும். மழுங்கித் தளர்ந்தால் நசுங்கும். இங்கும் அஃதே. சீவப்பட்ட சில்லுகளைத் தட்டோடு இணைந்த தகடுகள் விசிறிபோல் வீசிப் போக்குக் குழல் வழியே வெளியேற்றும்.

கோளாறு எதுவாயினும் இயந்திரத்தைக் கழற்றுமுன் அது வெளித்தள்ளும் சில்லை ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது இது. காகித ஆலைகளில் இஃது அன்றாட வழக்கம். கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் 1982-இல் உற்பத்தியைத் தொடங்கியதும், 2022 முதல் கேரள அரசின் நிறுவனமாக நடப்பதுமான செய்தித்தாள் காகித ஆலை போன்ற இடங்களில், சில்லுகளைச் சல்லடையிட்டுப் பிரிப்பர். பருத்தது சரியாக வேகாது. தூளோ வீணாகக் கரையும். ஆதலால் சில்லு ஒரே அளவாய் இருத்தல் அங்கே உயிர்நாடி. அவ்வறிவை நம் தோட்டத்துச் சிறு இயந்திரத்திற்கும் கொள்ளலாம்.

விளிம்பு வழவழப்பாகவும் அளவு ஒத்தும் சில்லு விழுந்தால் கத்திகள் நலமாயுள்ளன. விளிம்பு பிய்ந்து, நார்நாராய்த் தொங்கினால் கத்தி மழுங்கிவிட்டது, அல்லது எதிர்க்கத்தியோடு உள்ள இடைவெளி கூடிவிட்டது. தூளாய் விழுந்தால் கத்தி வெட்டாமல் தேய்க்கிறது, அன்றிப் போக்குக் குழல் பாதி அடைபட்டுச் சில்லு உள்ளேயே சுற்றி அரைபடுகிறது. சிறியதும் பெரியதும் கலந்து இடையிடையே நீண்ட சிம்புகள் வந்தால் ஒரு கத்தி பிறழ்ந்து நிற்கிறது, அல்லது எதிர்க்கத்தி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துள்ளது.

மடல் எழுதிய அன்பரின் மூன்று குறைகளுக்கும் முதற்காரணம் பெரும்பாலும் கத்தியே ஆகும். மழுங்கிய கத்தி மரத்தை உள்ளே இழுக்காது, உதைத்துத் தள்ளும், அதனால் அதிர்வு. நார்நாரான சில்லு போக்குக் குழலில் பின்னிக்கொள்ளும், அதனால் அடைப்பு. ரப்பர் மரத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. பால் சேர்க்கும் சிரட்டையையும் கிண்ணத்தையும் தாங்கிய கம்பி, பால் வடியும் தகரத் துண்டு ஆகியவை பட்டைக்குள் புதைந்து கிடக்கும். அவற்றுள் ஒன்று சிக்கினாலும் கத்தியின் வாய் உடையும். ஆகவே வெட்டு விழுந்த பகுதியைக் கொடுக்குமுன் கண்ணாலும் கையாலும் தடவிப் பார்த்துக் கம்பியைப் பிடுங்கிவிடுதல் வேண்டும். கத்தியில் படிந்து இறுகும் பாலை, இயந்திரம் முற்றும் நின்றபின் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைக்கலாம்.

கத்தியைச் சாணை பிடிப்பதில் மூன்று நெறிகள் உள. ஒன்று, எல்லாக் கத்திகளையும் ஒருசேரக் கழற்றி, ஒரே அளவு தீட்டுக. ஒன்று மட்டும் எடை குறைந்தால் தட்டு சமநிலை இழந்து ஆடும். சிறு தராசில் நிறுத்துப் பார்ப்பது நன்று. இரண்டு, தொடக்கத்தில் இருந்த சாய்கோணத்தை மாற்றாதீர். மூன்று, தீட்டும்போது எஃகு நீலம் பாயும் அளவு சூடேறலாகாது. நீலம் பாய்ந்த இடம் உறுதி இழந்து ஒரே நாளில் மீண்டும் மழுங்கும். மெல்லத் தீட்டி, அடிக்கடி ஆறவிடுக.

மீண்டும் பூட்டியபின் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். பல சிறு இயந்திரங்களில் அது 1 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை இருக்கும், உங்கள் இயந்திரத்திற்குரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும், அதுவே முடிவு. தட்டை மரக்கட்டையால் மெல்லத் தள்ளி, ஒவ்வொரு கத்தியாக எதிர்க்கத்தியின் நேரே கொணர்ந்து, இரு முனைகளிலும் பீலர் கேஜைச் செருகிப் பாருங்கள். கத்திப் போல்ட்டுகள் நீண்டோ புரி தேய்ந்தோ இருப்பின் புதியன இடுக. பத்து ரூபாய் போல்ட்டுக்குப் பதில் கடையில் கிடைத்ததை இட்டால், கத்தி கழன்று தோட்டாவைப் போல் பாயக்கூடும்.

கத்தி சரியாகியும் இழுப்பு குறைந்தால் பெல்ட்டைப் பாருங்கள். இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட பெல்ட்டின் நீளம் 64 செ.மீ. ஆயின், நடுவில் அழுத்தும்போது 1 செ.மீ. அளவே தாழ்தல் வேண்டும். அதனினும் தாழ்ந்தால் வழுக்கும். கருகிய ரப்பர் நெடி அதனைக் காட்டிக்கொடுக்கும். அடுத்துக் காற்று வடிகட்டி: மரத்தூள் அதனை விரைவில் அடைக்கும், எஞ்சின் மூச்சுத் திணறும். வேகம் குறைந்தால் தகடுகளின் வீச்சும் குறைந்து குழல் அடைபடும். ஆதலின் எஞ்சின் முழுவேகம் பெற்ற பின்னரே மரம் கொடுக்கத் தொடங்குக. மழைக்காலத்தில் ஈர இலைகளை மட்டும் தொடர்ந்து கொடாமல், இடையிடையே காய்ந்த கிளையைக் கொடுத்தால் அது குழலைத் துடைத்துக்கொண்டு போகும். அதிர்வு இன்னும் நீங்காவிடில் பேரிங்கைச் சோதிக்க. நிறுத்தியவுடன் தொட இயலாத சூடு, கரகர ஒலி ஆகியவை அதன் தேய்வுக்கு அறிகுறி. கிரீஸ் குறைந்தாலும் சூடாகும். அளவின்றி அடைத்தாலும் சூடாகும்.

இனி மடலின் பிற்பகுதிக்கு வருவோம். ஓடும் இயந்திரத்தில் கம்பி விட்டுக் குத்துதல் அறவே கூடாது. பல இயந்திரங்களின் ஊட்டுருளைகள் நொடிக்கு ஏறக்குறைய அரை மீட்டர் மரத்தை உள்ளிழுக்கும். ஒருவர் கையின் நீளத்தை அளந்து கணக்கிடுங்கள்: விரல் சிக்கியது முதல் தோள் சென்று சேர ஒன்றரை நொடி போதும். ‘இழுத்துக்கொள்ளலாம்’ என எண்ணும் நேரங்கூட அதில் இல்லை. அடைப்பு நேர்ந்தால் செய்ய வேண்டியது இதுவே: எஞ்சினை நிறுத்துக. சாவியை எடுத்து, எவர் கை உள்ளே போகுமோ அவர் மடியிலேயே வைத்துக்கொள்க. எஞ்சின் நின்றபின்னும் கனத்த தட்டு சில நிமிடங்கள் சுழலும். அது முற்றும் நிற்கும்வரை மூடியைத் திறவாதீர். பேட்டரி இணைப்பையோ ஸ்பார்க் பிளக் கம்பியையோ கழற்றுக. டிராக்டரால் ஓடுவதாயின் இணைப்புத் தண்டை நீக்குக. பூட்டு ஊசி இருப்பின் தட்டை அசையாமல் பூட்டுக. அதன்பின்னரே கை. நின்ற தட்டும் அடைப்பு நீங்கியதும் சற்றே உருளும். அவ்வளவில் ஒரு விரலைத் துண்டிக்கும்.

மரம் கொடுப்பவர் ஊட்டுவாய்க்கு நேரே நில்லாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். குட்டைத் துண்டுகளைக் கையால் தள்ளாமல் நீண்ட கிளையால் தள்ளுக. வேட்டி, தோளில் தொங்கும் துண்டு, முந்தானை, இடுப்பில் கட்டும் படங்கு, அகன்ற வாயுள்ள கையுறை ஆகியவை இவ்வேலைக்கு ஆகா. கண்ணாடியும் காதடைப்பும் வேண்டும்.

இவ்வறிவுரை புதிதன்று. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே அபாயகரமான இயந்திரப் பகுதிகளுக்கு வேலி அமைக்கப் பணித்தது. பின்னர் வடநாட்டு வயல்களில் கதிரடிக்கும் இயந்திரங்களில் உழவர் பலர் கை இழந்தனர். அத்துயரின் பயனாக 1983-இல் அபாய இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. அங்கும் கையால் ஊட்டும் வாயே கையை விழுங்கியது. வேலையில் ஊனமுறும் தொழிலாளிக்கு இழப்பீடு கேட்கும் உரிமை 1923 முதல் சட்டத்தில் உண்டு; ஒப்பந்தக்காரரிடம் பணிபுரிவோருக்கும் அது பொருந்தும். ஆயினும் இழப்பீடு கையாகாது.

நம் குடும்பத்தார் எதிர்கொள்ளும் தனித்த இடர் ஒன்றுண்டு. இயந்திரத்தின் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கொட்டகையில் தொங்கும் எச்சரிக்கைப் பலகை மலையாளத்தில் இருக்கும். இயக்குபவரோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவராய் இருப்பார். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இங்கே பெற்றோருக்கு உதவலாம். கையேட்டிலுள்ள இடைவெளி அளவு, போல்ட்டின் அளவு, நிறுத்தும் முறை ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கொட்டகைச் சுவரில் ஒட்டுக. அரை மணி நேர வேலை அது.

மடல் எழுதிய அன்பருக்கு: இன்றே கத்திகளைக் கழற்றிப் பாருங்கள். கத்தி கூரானால் அடைப்பு பெரும்பாலும் குறையும்; அடைப்பு குறைந்தால் தம்பி உள்ளே குத்த வேண்டிய தேவையும் குறையும். ‘நிறுத்தினால் நேரம் வீணாகும்’ என்று மேலாள் கடிந்தால், சாணை பிடிக்க ஒரு முற்பகல் கேளுங்கள். அடைப்பால் ஒரு கிழமையில் வீணாகும் நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். அதுவரை சாவி தம்பியின் மடியில் இருக்கட்டும். கத்தி தீட்டியபின் விழும் சில்லு எப்படியிருக்கிறது என்பதை நமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.