இரக்கம் மட்டும் போதுமா?

செவிலியர் பணியை அருட்பணி என்று போற்றுகிறோம். போற்றுவதில் தவறில்லை. ஆனால் அந்த அருள் உடல் ஊனமுற்றோரிடம் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மண்டகப்பட்டிலிருந்து பார்வையற்ற பெரியவர் ஒருவர் காய்ச்சலென்று மருத்துவமனைக்குப் போகிறார் என வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு வந்த செவிலிய மாணவி, உடன் வந்த மகனைப் பார்த்து, "அப்பாவுக்கு என்ன செய்கிறது?" என்று கேட்கிறார். பெரியவருக்குப் பழுதானது கண்தானே; வாயும் அறிவும் அல்லவே! மாணவியின் மனத்தில் வெறுப்பு இல்லை. இரக்கம் நிறைய உண்டு. அந்த இரக்கமே பெரியவரைக் குழந்தையாக்கிவிடுகிறது.

இதற்கு மாணவியை மட்டும் குறை கூறலாகாது. மாற்றுத்திறனாளிகளை அவர் பெரும்பாலும் காண்பது நோய்ப்படுக்கையில்தான். கலைக் கல்லூரி மாணவராகிய நமக்கோ வேறொரு வாய்ப்பு உண்டு. பார்வையற்ற தோழரோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து பாடம் கேட்டவர், அவரோடு வாதாடித் தோற்றவர், அவரைப் 'பாவம்' என்று எண்ணுவாரோ?

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் ஒன்றை உருவாக்கினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் நோயாளியாகக் கிடந்த மருத்துவமனையிலேயே, பிறகு அவருடைய சொற்கேட்டுச் செவிலியர் பணிபுரிந்தனர். நூறு சொற்பொழிவுகள் தராத பாடம் அன்றோ இது!

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 47-ஆம் பிரிவில், செவிலியர் உள்ளிட்டோரின் படிப்பில் இப்பொருளைச் சேர்க்கச் சொல்கிறது. சேர்த்தால் மட்டும் போதாது. அப்பாடத்தை நடத்த மாற்றுத்திறனாளிகளே ஆசிரியராக வகுப்புக்கு வரவேண்டும்.

"வார்டில் வேலை மலைபோல் கிடக்கிறது, பேசிக்கொண்டிருக்க நேரம் ஏது?" என்பர் சிலர். "உங்களை எப்படித் தூக்கினால் வசதி?" என்று கேட்க அரை நிமிடம் ஆகுமா? நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும் முறை, அன்றாடம் மாறுகிறவருக்குத்தான் நன்கு தெரியும். கேளாமல் தூக்கினால் இருவருக்கும் துன்பம்.

செவிலியர் படிப்பில் சேரும் தங்கையர் நம் வீடுகளிலும் உண்டு. இரக்கத்தை அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. கேட்டுச் செய்யும் பழக்கத்தைச் சொல்லி அனுப்புவோம். மதிப்போடு கலந்த பணிவிடையே மருந்தாகும்.