படிகள் ஒத்தால் போதுமா? நிறுவன அடைவுகளின் நலம் குறித்து

திருவனந்தபுரத்தின் காரியவட்டம் வளாகத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் பல்லாயிரம் ஓலைச்சுவடிகளைக் காத்து வருகிறது. அதற்கு அருகிலேயே, 1990இல் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க் அமைந்துள்ளது. சுவடிப் பதிப்பில் முதல் பாடமாகக் கற்பிக்கப்படும் உண்மை ஒன்றைக் கணினி வலையமைப்பைப் பேணுவோர் பலர் கருத்தில் கொள்வதில்லை: படிகள் யாவும் ஒத்திருப்பது பாடம் சரியென்பதற்குச் சான்றாகாது. மூலத்தில் பிழை இருந்தால், படியெடுப்போர் எவ்வளவு நேர்மையானவரோ அவ்வளவு உறுதியாக அப்பிழை பரவும்.

அடைவுச் சேவை என்பது ஒரு நிறுவனத்தில் யார் யார் உள்ளனர், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதைக் கூறும் ஏடு. பெரும்பாலான நிறுவனங்களில் அது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி. சில கல்வி நிறுவனங்களில் ஓப்பன்எல்டாப். ஏடு ஒன்றே, படிகள் பல சர்வர்களில் இருக்கும். ஒன்றில் செய்த மாற்றம் மற்றவற்றுக்கும் சென்று சேரும். இதன் நலத்தை அறிய டிசிடயாக், ரெப்அட்மின் போன்ற கருவிகள் உள்ளன. பெயர்த்தீர்வு நடக்கிறதா, கடிகாரங்கள் கெர்பரோஸ் அனுமதிக்கும் ஐந்து நிமிட வேறுபாட்டுக்குள் உள்ளனவா, படியாக்கம் தடையின்றி நிகழ்ந்ததா என்று அவை சோதிக்கும். இச்சோதனைகள் இன்றியமையாதவை. ஆனால் அவை சோதிப்பது படியெடுக்கும் வினையை, பாடத்தை அன்று. பச்சைக்குறிகள் நிறைந்த அறிக்கையைக் காட்டி ‘அடைவு நலம்’ என்று கூறுவது, எழுத்தாணி கூர்மையாக இருப்பதால் சுவடியில் பிழையில்லை என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

பாடப்பிழை பெயரிலேயே தொடங்குகிறது. 1988இல் வெளியான எக்ஸ்.500 தரத்தில் ‘மனிதர்’ என்ற வகைக்குக் குடும்பப்பெயர் கட்டாயம். எல்டாப் தரமும் அவ்விதியைத் தொடர்ந்தது. தமிழரும் மலையாளிகளும் பெரும்பாலும் தலைப்பெழுத்தோடு வாழ்பவர்கள்; அவர்களிற் பலருக்குக் குடும்பப்பெயரே இல்லை. அந்தக் கட்டத்தில் ஒருவர் தந்தை பெயரை இடுகிறார். ஒருவர் ஊர்ப்பெயரை இடுகிறார். எழுத்தர் ஒரு புள்ளியை இடுகிறார். சான்றிதழில் முன்னெழுத்து, கடவுச்சீட்டில் விரித்த பெயர் என்று ஒருவருக்கே இரு பதிவுகள் உருவாக வழி பிறக்கிறது. அவர் விலகும்போது ஒன்று நீக்கப்படும்; மற்றொன்று உரிமைகளோடு நிலைக்கும். இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லித் தப்ப இயலாது. பெயரிடும் மரபை அறியாத படிவத்தின் விளைவு இது. எந்தக் கருவியும் இதைச் சிவப்பாகக் காட்டாது.

நீக்கிய பெயரும் உடனே மறைவதில்லை. ஆக்டிவ் டைரக்டரி அதற்கொரு நடுகல் நட்டு, இயல்பாக 180 நாட்கள் வைத்திருக்கும். அதற்கு மேல் துண்டிக்கப்பட்டிருந்த சர்வரை மீண்டும் இணைத்தால் இறந்த பெயர்கள் உயிர்பெறக் கூடும். அக்காலத்தைக் கடந்த காப்புப்படியும் மீட்புக்கு உதவாது. நீக்கத்தைப் பேணுவதும் பராமரிப்பே.

படியாக்கத்தையே காப்பாக நம்பியதன் விலையை மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 2017 ஜூன் 27இல் கண்டது. நாட்பெட்யா தாக்குதலில், ஒன்றுக்கொன்று காப்பாக அமைந்த ஏறத்தாழ 150 அடைவு சர்வர்களும் ஒருங்கே அழிந்தன. தப்பியது ஒன்றே, மின்தடையால் கானா அலுவலகத்தில் அணைந்து கிடந்தது. அந்த வன்தட்டை ஆள் மூலம் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றே அடைவு மீட்கப்பட்டது. அந்நிறுவனத்தைக் காத்தது படியாக்கத்திலிருந்து தற்செயலாய் விலகி நின்ற ஒரு படி. தாக்குதல் எங்கோ நிகழ்வது என்று திருவனந்தபுரம் எண்ண இயலாது: 2024 ஏப்ரல் இறுதியில் இந்நகரின் மண்டலப் புற்றுநோய் மையம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிக் கதிர்வீச்சுச் சிகிச்சை தடைப்பட்டது.

‘எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டோம்’ என்பது வழக்கமான மறுமொழி. இடம் மாறினால் பாடம் திருந்தாது. பழைய பிழையே புதிய ஏட்டுக்கு ஒத்திசைந்து செல்லும்.

கல்வியுலகத்தார் இதைக் கணினிப் பிரிவின் சிக்கல் என்று ஒதுக்க முடியாது. 2024 நவம்பர் 25இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டம் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிடுகிறது. வளாகத்துக்கு வெளியிலிருந்து அவற்றைப் படிக்க உதவும் இன்ஃபெட் போன்ற கூட்டமைப்பு, ஆய்வாளரின் நிறுவனம் தரும் அடையாளத்தையே நம்புகிறது. அடைவில் பெயர் பிழைத்த ஆய்வாளருக்குக் கதவு அடைபடும். எப்போதோ விலகியவருக்குத் திறந்தே கிடக்கும்.

ஆகவே நலச்சோதனை மனிதரிலிருந்து தொடங்கட்டும். பருவந்தோறும் ஒவ்வொரு துறைத்தலைவரும் தம் துறையின் பெயர்ப்பட்டியலைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். பெயர், உரியவர் எழுதும் வடிவிலேயே பதிவாக வேண்டும். வலையமைப்பிலிருந்து விலகிய காப்புப்படி ஒன்று இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் அதிலிருந்து அடைவை மீட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இரண்டு எண்களைக் கேட்கட்டும்: கடந்த ஆண்டில் விலகியோர் எத்தனை பேர்? அவர்களுக்குரிய கணக்குகளில் நீக்கப்பட்டவை எத்தனை? இவற்றுக்கு விடை சொல்ல இயலாத நிறுவனத்தின் பச்சைக்குறிகளை யாரும் நம்பத் தேவையில்லை.