சாவி ஊரில் இருக்கட்டும்

2018 நவம்பர் 15 இரவு. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறச் சில மணி நேரம்தான் பாக்கி. எங்கள் ஊர்களில் ஒன்றில், புயல் பாதுகாப்பு மையத்தின் வாசலில் கைக்குழந்தைகளோடு பெண்கள் நின்றார்கள். கதவில் பூட்டு. சாவி வைத்திருந்தவர் டவுனில். கடைசியில் ஒரு வீட்டு அம்மிக் குழவிதான் பூட்டைத் திறந்தது. உள்ளே சிமெண்ட் மூட்டைகள், கால் ஒடிந்த பெஞ்சுகள். கழிப்பறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்தக் குழவியை மறக்காதவர்கள் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். மீன் பிடிப்பவர்கள், உப்பளத்தில் உப்பு வாருபவர்கள், கடைமடையில் நடவு நடுபவர்கள், மகளிர் குழுப் பெண்கள் இதில் இருக்கிறோம். இயக்கத்துக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. அதில் நடந்த சண்டையை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

அரசாங்கத்தோடு மல்லுக்கட்ட நாங்கள் வரவில்லை. கஜாவுக்குப் பிறகு வெளிமாவட்ட மின்வாரியத் தொழிலாளர்கள் வயல் தண்ணீரில் இடுப்பளவு நின்று மின்கம்பம் தூக்கினார்கள். அவர்களுக்குச் சோறு வடித்தது எங்கள் அடுப்பு. அடித்து ஓய்ந்த பிறகு கைகோக்கத் தெரிந்த நமக்கு, அடிக்கும் முன்னால் கைகோக்க ஏன் தெரியவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே காலையில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு தப்பித்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அந்தச் சேதியை ஊருக்குச் சொன்னது. அந்த மைக் ஊராரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஒடிசாவையும் பாருங்கள். 1999 பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 உயிர்கள் போயின. 2013-இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் அளவுக்கு முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. அங்கே புயல் காப்பகங்களைப் பராமரிப்பவை ஊர்க் கமிட்டிகள். புயல் இல்லாத நாளில் அந்தக் கட்டடத்தில் பள்ளிக்கூடம் நடக்கும், ஊர்க்கூட்டம் நடக்கும். புழங்குகிற கட்டடத்தில் கழிப்பறை வறண்டு கிடக்காது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும், கருவிகள் உடனே எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு உள்ளாட்சிக்குச் சொல்கிறது. அந்தப் பிரிவை ஊரில் உரக்கப் படித்துக் காட்டியவர்தான் இல்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் ஊரின் பேரிடர்த் திட்டத்தைத் தமிழில் படிக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு முறையாவது ஒத்திகை நடக்க வேண்டும். மூன்றாம் எண் கூண்டு ஏறியது என்று ரேடியோ சொல்லும். கிழக்குத் தெருவில் படுத்த படுக்கையாய் இருக்கும் ஆயாவை யார் தூக்குவது என்று அது சொல்லாது. யாரை யார் தூக்குவது என்ற பட்டியலை நாங்கள் எழுதுகிறோம். அதில் தாசில்தார் ஒரு கையெழுத்துப் போடட்டும்.

அரிச்சந்திரா நதியிலும் வெள்ளையாற்றிலும் வெள்ளம் வரும்போது எந்த ஷட்டரை எப்போது தூக்குவது என்பது மதகு பார்க்கும் லஸ்கருக்கும் பொறியாளருக்கும் தெரியும். கடல் எப்போது எதிர்த்து ஏறும் என்பது மீனவருக்குத் தெரியும். இந்த இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் குற்றத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறோம். வடிவாய்க்காலில் குப்பை கொட்டியது நாங்கள். அதை வளைத்து வீடு கட்டியவர்களில் எங்கள் மாமன் மச்சான்களும் உண்டு. எச்சரிக்கை வந்த பிறகும் வலையை விட மனமில்லாமல் கடலுக்குப் போனோம். இனி எச்சரிக்கை வந்தால் படகு கரையில் நிற்கும். வாய்க்காலில் படர்ந்த ஆகாயத்தாமரையைப் புரட்டாசிக்குள் அள்ளுவோம். முகாமில் சாதி பார்த்துத் தனிப்பந்தி போடுகிற எவருக்கும் இந்த இயக்கத்தில் இடமில்லை. பெண்கள் உட்காராத கமிட்டியை நாங்கள் கமிட்டியாக ஏற்க மாட்டோம்.

முதல் வேலை தொடங்கிவிட்டது. பாதுகாப்பு மையத்துக்கு இரண்டு மாற்றுச் சாவிகள் அடிக்கப் பூட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று. ஒன்று மகளிர் குழுத் தலைவியிடம், இன்னொன்று கோயில் வாசல் டீக்கடையில் இருக்கும். அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும் வரை குழவி மையத்தின் வாசலிலேயே கிடக்கும்.